எடைக்கருவி காட்டாததை இன்ச் டேப் காட்டும்

உலகில் 5 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளில், எடை குறைந்தவர்களைவிட உடல் பருமன் உள்ளவர்களின் விகிதம் முதன்முறையாகக் கூடிவிட்டது என்று 2025 செப்டம்பரில் யுனிசெஃப் அறிவித்தது. எடைக் குறைவு 9.2 சதவீதம், பருமன் 9.4 சதவீதம். அதே ஆண்டு மே மாதம் சிபிஎஸ்இ தனது பள்ளிகளில் சர்க்கரை அளவை எழுதிக்காட்டும் பலகைகளை வைக்கச் சொன்னது. சமையல் எண்ணெயைப் பத்து சதவீதம் குறைக்கும்படி பிரதமர் வானொலியில் கேட்டுக்கொண்டார். பிள்ளைகளின் உடல் இப்படிப் பொதுப் பேச்சாகிவிட்ட பிறகும், அந்த உடலை நாம் எப்படி அளக்கிறோம் என்ற கேள்வி மட்டும் எழவே இல்லை. அளவு தவறினால் உதவி தேவைப்படும் பிள்ளை விடுபட்டுப்போகும். தேவைப்படாத பிள்ளை 'குண்டு' என்ற பட்டத்தோடு வீடு திரும்பும். சென்னைக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழில் தடத்தில் இந்த ஆபத்து அதிகம். அதைச் சரிசெய்வதற்கான திறமையும் இங்கேயே இருக்கிறது.

ஒரே எண், இரண்டு உடல்கள்

பள்ளிகளில் எடை பார்க்கிறார்கள், உயரம் பார்க்கிறார்கள். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ வருகிறது. பெல்ஜியத்துக் கணிதவியலர் அடால்ஃப் கெட்லே, மக்கள்திரளின் சராசரியை ஆராய்வதற்காக 1830களில் கண்ட கணக்கு இது. 1972இல்தான் அமெரிக்க உடலியலாளர் ஏன்செல் கீஸ் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். கூட்டத்தைப் பற்றிப் பேச உருவான கணக்கு, தனியொரு பிள்ளையைப் பற்றிச் சொல்வது குறைவு. 25 கிலோ எடையில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்பது இந்த எண்ணுக்குத் தெரியாது.

இந்தியர்கள் விஷயத்தில் இந்தக் குறை இன்னும் பெரிது. புணே கேஇஎம் மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004இல் 'தி லான்செட்' இதழில் தங்கள் உடல் அளவுகளையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால், யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். இந்த வேறுபாடு நடுவயதில் திடீரென்று வருவதில்லை என்பதையும் யாஜ்னிக்கின் குழு காட்டியிருக்கிறது. புணேயின் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன. தோளுக்குக் கீழே முதுகில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு ஒல்லியான குழந்தை, உள்ளே கொழுப்பின் பங்கு கூடிய குழந்தையாகவே பிறக்கிறது.

2016-18இல் நாடு முழுவதும் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வை இந்தக் கண்ணோடு படித்தால் ஒரு புதிர் விடுபடும். 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் 24 சதவீதத்தினர் வயதுக்கேற்ற பிஎம்ஐ இல்லாத மெலிந்தவர்கள். அதிக எடை உள்ளவர்கள் 5 சதவீதத்தினர்தான். ஆனால், ரத்தச் சர்க்கரை நீரிழிவின் வாசலில் நின்றவர்களோ 10 சதவீதத்தினர். குண்டாக இருப்பவர்கள் எல்லோரையும் அதில் சேர்த்துவிட்டாலும் பாதி மீதம் வருகிறது. அந்த மீதிப் பிள்ளைகள் எடைப் பதிவேட்டில் 'நார்மல்' என்றோ, மெலிந்தவர் என்றோதான் எழுதப்பட்டிருப்பார்கள். எந்த மருத்துவ முகாமும் அவர்களைக் கூப்பிட்டுப் பேசியிருக்காது.

வளரிளம் பருவத்தில் பிஎம்ஐ இன்னும் தடுமாறும். பருவமெய்தும் பெண்பிள்ளையின் உடல் இயல்பாகவே கொழுப்பைச் சேர்க்கிறது; ஆண்பிள்ளைக்குத் தசை கூடுகிறது. ஒரே வகுப்பில் ஒருத்தி பூப்பெய்தி இரண்டு ஆண்டு ஆகியிருக்கும், பக்கத்தில் இருப்பவள் இன்னும் எய்தியிருக்க மாட்டாள். பிறந்த தேதியை மட்டும் பார்த்து இருவருக்கும் ஒரே வரம்பை வைப்பதில் பிழை உறுதி. 'தி லான்செட்' குழுமத்தின் பன்னாட்டு வல்லுநர் ஆணையம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, பிஎம்ஐயை மட்டும் வைத்து ஒருவருக்குப் பருமன் நோய் என்று முடிவு செய்யக் கூடாது, வேறோர் உடல் அளவைக் கொண்டும் உறுதிப்படுத்த வேண்டும் என்றது. பெரியவர்களோடு பிள்ளைகளுக்கும் சேர்த்தே அதைச் சொன்னது.

மூன்று ஷிப்ட் ஊர்களின் பிள்ளைகள்

1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன், சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், ஃபாக்ஸ்கான், ஒரகடத்தில் நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள் ஒரே தலைமுறையில் மூன்று ஷிப்ட் ஊர்களாகிவிட்டன. விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து நிற்கும் வீட்டில் காலைச் சமையல் என்பது அரிது. பிள்ளை கையில் பத்து ரூபாயும் பாக்கெட் தின்பண்டமும். ஓடி (ஓவர் டைம்) முடித்து வரும் அப்பா வாங்கிவரும் பரோட்டாவோ ஃப்ரைடு ரைஸோ இரவுச் சாப்பாடு. பிள்ளைகள் விளையாடிய தரிசு நிலம் மனைகளாகிவிட்டது. கனரக லாரிகள் ஓடும் சாலையில் சைக்கிள் விடப் பெற்றோருக்குப் பயம். வயிறு நிறைகிறது, பருப்பும் முட்டையும் ஓட்டமும் குறைகின்றன. தசை வளராமல் கொழுப்பு மட்டும் சேர்வதற்கு வேறு என்ன வேண்டும்?

இங்கே வாழும் பெரியவர்களின் உடலிலேயே முடிவு எழுதப்பட்டிருக்கிறது. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடையோ பருமனோ கொண்டவர்கள். அதே ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 25 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். குட்டையாக வளரும் குழந்தையும் பருமனான தாயும் ஒரே வீட்டில் இருப்பது இந்தத் தடத்தில் முரண்பாடாகத் தெரியாது. பிற்பாடு அந்தக் குழந்தையே அந்தத் தாயாகிறாள்.

ஒடிசா, பிஹார், அசாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களின் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இன்று இந்தத் தடத்தின் வல்லத்தில் இருப்பவர்கள் அடுத்த ஆண்டு வேறு மாநிலத்தில் இருக்கலாம். ஒருமுறை எடுத்த எடை எதையும் சொல்லாது. ஆறு மாத இடைவெளியில் எடுத்த நான்கு அளவுகள் சேர்ந்தால்தான் அந்தப் பிள்ளை எந்தத் திசையில் வளர்கிறது என்று தெரியும்.

யாரும் பிள்ளைகள் என்று எண்ணாத இன்னொரு கூட்டமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வளரிளம் பருவம் 19 வயது வரை நீள்கிறது. அதன் வளர்ச்சி வரைபடமும் அதுவரை செல்கிறது. பிளஸ் டூ முடித்த கையோடு வெளிமாவட்டத்திலிருந்து வந்து அசெம்பிளி லைனில் நிற்கும் 18 வயதுப் பெண்ணுக்கு எலும்பில் இன்னும் சுண்ணாம்பு சேர்ந்துகொண்டிருக்கிறது. பள்ளிச் சிறார் மருத்துவப் பரிசோதனை அவரை விட்டுவிட்டது. ஆலையின் பரிசோதனை அவரை முழு வளர்ச்சி பெற்றவராகப் பார்க்கிறது. 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்களுக்காக அவர்களின் தோழிகள் நெடுஞ்சாலையில் அமர்ந்த பிறகுதான் அவர்களுடைய தட்டை நாடு திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. நல்ல அறை கிடைத்திருக்கிறது. அங்கே இரண்டு ஆண்டு சாப்பிட்ட பெண்ணின் உடலில் தசை கூடியதா, குறைந்ததா என்பதையும் இனி கேட்க வேண்டும்.

இரண்டு சென்டிமீட்டரின் விலை

புதிய அளவுகளைப் பேசும் முன், இப்போதுள்ள இரண்டு அளவுகளையாவது சரியாக எடுக்கிறோமா என்று பார்க்க வேண்டும். பல பள்ளிகளில் உயரம் பார்ப்பது சுவரில் ஒட்டிய, ஒட்டகச்சிவிங்கிப் படம் போட்ட காகித அளவுகோலில்தான். ஒட்டியவர் அதை இரண்டு சென்டிமீட்டர் மேலே ஏற்றி ஒட்டியிருந்தால், நிற்கும் பிள்ளைகள் எல்லோரும் இரண்டு சென்டிமீட்டர் குட்டையாகிவிடுவார்கள். 10 வயதுச் சிறுமி ஒருத்தியின் உண்மையான உயரம் 130 செ.மீ., எடை 22.5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவளது பிஎம்ஐ 13.3. அந்த வயதுச் சிறுமிக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் மெலிவின் எல்லை 13.5. எனவே அவள் கவனிக்கப்பட வேண்டியவள். அளவுகோல் 128 என்று காட்டினால் பிஎம்ஐ 13.7 ஆகிவிடும், அவள் 'நார்மல்'. முட்டையோ மருத்துவரோ அவளுக்குக் கூடுதலாகக் கிடைக்க வேண்டிய வாய்ப்பு அந்த இரண்டு சென்டிமீட்டரில் போய்விடுகிறது.

அந்தப் பள்ளிக்கு அருகிலுள்ள உதிரிபாக ஆலையில் இப்படி ஒரு கருவியை வைத்திருக்க விடமாட்டார்கள். வெர்னியர் காலிப்பர், மைக்ரோமீட்டர், டார்க் ரெஞ்ச் என ஒவ்வொன்றின் மீதும் கடைசியாகக் காலிபரேஷன் செய்த தேதியும் அடுத்த தேதியும் ஒட்டியிருக்கும். தேதி தாண்டிய கருவியை லைனில் வைத்தால் ஆடிட்டில் கேள்வி வரும். ஒரே பாகத்தை இரண்டு பேரிடம் கொடுத்து, மறுபடி மறுபடி அளக்கச் சொல்லி, வேறுபாடு எவ்வளவு என்று பார்க்கும் சோதனையும் உண்டு. வாகனத் தொழிலின் தரச்சான்றுக்கு அது கட்டாயம். பிரேக் பாகத்துக்குக் காட்டும் இந்த அக்கறையை அதே ஊரின் பிள்ளைக்கும் காட்டச் சொல்வதில் மிகை எதுவும் இல்லை. அளக்கும் கலையைத் தொழிலாகவே கற்ற ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இந்தத் தடத்தில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்தப் பிள்ளைகளின் பெற்றோர்.

இயந்திரமா, நாடாவா?

பிஎம்ஐ போதாது என்றதும் நன்கொடையாளர்கள் மனத்தில் முதலில் வருவது, ஏறி நின்றால் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று வண்ணத்தாளில் அச்சிட்டுத் தரும் மின்கருவி. ஜிம்களில் பார்க்கிறோம். உடலுக்குள் மிக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்ப்பது அதன் முறை. தசையில் நீர் அதிகம், மின்சாரம் எளிதில் பாயும், கொழுப்பில் பாயாது. ஆக, கருவி நேரடியாக அளப்பது கொழுப்பை இல்லை. நீரை ஊகித்து, ஒரு சூத்திரத்தின் வழியாகக் கொழுப்புக்கு வருகிறது. பி.டி. பீரியட் முடிந்து வியர்வையோடு, தண்ணீர் குடிக்காமல் வரும் பிள்ளைக்கு ஒரு விடை, காலையில் தண்ணீர் குடித்துவிட்டு வரும் அதே பிள்ளைக்கு வேறு விடை. தசையில் உள்ள நீரின் பங்கு வயதோடு மாறும் என்பதால் பெரியவர்களின் சூத்திரம் சிறுவர்களுக்குப் பொருந்தாது. வேறு நாட்டுப் பிள்ளைகளிடம் செய்த சூத்திரம் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. தாளில் தசமப் புள்ளிக்குப் பிறகு எண் இருப்பதால் அது துல்லியம் ஆகிவிடாது. பள்ளிக்கு இந்த இயந்திரம் வேண்டாம் என்பதே என் கருத்து.

நம்பத்தக்க முறைகள் உண்டு. குறைந்த அளவு எக்ஸ்ரேயைக் கொண்டு அளக்கும் டெக்சா ஸ்கேன் ஒன்று. டியூட்டிரியம் கலந்த நீரைச் சிறிதளவு குடிக்கவைத்து, சில மணி நேரம் கழித்து உமிழ்நீரைச் சோதித்து உடலின் மொத்த நீரைக் கணக்கிடும் முறை இன்னொன்று; அதில் கதிரியக்கம் கிடையாது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையம், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போன்றவற்றுக்கு இதில் அனுபவம் இருக்கிறது. இவை ஆய்வகத்துக்கு உரியவை, அன்றாடப் பள்ளிக்கு உரியவை இல்லை.

பள்ளிக்குத் தேவை தையல்காரர் கழுத்தில் தொங்கும் நாடாவைப் போன்ற, ஆனால் இழுத்தால் நீளாத ஓர் அளவு நாடா. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், சதையை அழுத்தாமல் வயிற்றின் சுற்றளவை எடுக்க வேண்டும். அது உயரத்தில் பாதியைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்ற எளிய விதியைப் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2022இல் ஏற்றுக்கொண்டது. 130 செ.மீ. உயரப் பிள்ளைக்கு 65 செ.மீ. வரைபடமே வேண்டாம். இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டுமென்றால், 2 முதல் 18 வயது வரையுள்ள இந்தியப் பிள்ளைகளுக்கான வயிற்றுச் சுற்றளவு அட்டவணையைப் புணேயின் அனுராதா கதில்கர் குழு 2014லேயே தந்திருக்கிறது. நாடாவின் பயனைப் பெரியவர்களின் ஆய்வும் காட்டும்: ஐசிஎம்ஆர் நிதியில் சென்னை நீரிழிவு மருத்துவர் மோகனின் குழுவினர் நடத்திய நாடளாவிய ஆய்வில் பிஎம்ஐயின்படி பருமனானவர்கள் 28.6 சதவீதம், வயிற்றை அளந்தபோது 39.5 சதவீதம்.

இரண்டாவது அளவு, மேல்கையின் நடுச்சுற்றளவு. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அங்கன்வாடிப் பணியாளர்கள் அறிந்ததுதான், 11.5 செ.மீட்டருக்குக் கீழே போனால் தீவிர மெலிவு. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதை ஆண்டாண்டாக எடுத்து, கூடவே 600 மீட்டர் ஓட்டத்தையும் குறித்துவைத்தால் தசையும் உடல்திறனும் எப்படி வளர்கின்றன என்று ஓரளவு தெரியும். நாடா நோயைக் கண்டுபிடிக்காது. குட்டையான பிள்ளை அந்தப் பாதிக் கணக்கைச் சற்று எளிதில் தாண்டிவிடும் என்பதையும் மறுக்க முடியாது. யாரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிச் சர்க்கரையும் ரத்தசோகையும் பார்க்க வேண்டும் என்று அது காட்டும். அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

எழும் மறுப்புகள்

இன்னும் மெலிந்த பிள்ளைகளே அதிகம் இருக்கும் நாட்டில் கொழுப்பைப் பற்றிப் பேசுவது வசதிபடைத்தவர்களின் கவலை என்பார்கள். மெலிந்த பிள்ளைக்குத்தான் இந்த அளவு அதிகம் தேவை. அவனுக்கு எடை கூடினால் போதும் என்று நினைத்தால் மாவும் சர்க்கரையும் கொடுத்து எண்ணைக் கூட்டிவிடலாம்; பதிவேடு மகிழும். கூடியது தசையா என்று கேட்டால்தான் முட்டையும் பயறும் விளையாட்டும் திட்டத்துக்குள் வரும். 1982இல் விரிவடைந்த சத்துணவும் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் எவ்வளவு சாதித்திருக்கின்றன என்பதை எடையை மட்டும் வைத்துச் சொல்வது அந்தத் திட்டங்களுக்கே செய்யும் அநீதி.

ஆசிரியர்களுக்கு எமிஸ் எனும் இணையவழி மாணவர் பதிவே சுமை, இதில் நாடா வேறா என்பது நியாயமான எதிர்ப்பு. எனவே வகுப்பாசிரியர் தலையில் இதைக் கட்டக் கூடாது. ஆண்டுக்கொருமுறை பள்ளிக்கு வரும் ஆர்பிஎஸ்கே (தேசிய சிறார் நலத் திட்டம்) நடமாடும் மருத்துவக் குழுவும் உடற்கல்வி ஆசிரியரும் கிராம சுகாதாரச் செவிலியரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

மூன்றாவது எதிர்ப்பு இவற்றைவிடக் கனமானது: பிள்ளைகள் கூனிக்குறுகிப் போவார்கள். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் 2003இல் சட்டம் போட்டு, பிள்ளைகளின் பிஎம்ஐயைப் பெற்றோருக்கு அறிக்கையாக அனுப்பத் தொடங்கியது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. கலிஃபோர்னியாவில் 79 பள்ளிகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு, அப்படி வீட்டுக்கு அனுப்பியதால் பிள்ளைகளின் எடை நிலை மேம்படவில்லை, பள்ளியில் எடை பார்த்ததால் தங்கள் எடைமீது அவர்கள் கொண்ட நிறைவுதான் குறைந்தது என்று கண்டது. நம் ஊரில் வகுப்பு முழுவதும் வரிசையில் நிற்க, ஒருவர் எடையை உரக்கச் சொல்ல, இன்னொருவர் எழுதுகிறார். அந்தச் சத்தம் நிற்காதவரை நாடாவை எடுக்கவே கூடாது. தடுப்புத் திரை, பெண்பிள்ளைகளுக்குப் பெண் செவிலியர், 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை, மதிப்பெண் அட்டையில் எண் வராமை ஆகிய நான்கும் உறுதியான பிறகே அளவு தொடங்கலாம். உதவி தயாராக இல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்ததுதான் அமெரிக்கப் பள்ளிகளின் தவறு.

எங்கே தொடங்கலாம்?

ஸ்ரீபெரும்புதூர் ஒன்றியத்தின் அரசுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். நிறுவனங்கள் சட்டம் 135ஆம் பிரிவின்படி சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடக் கடமைப்பட்ட ஆலைகள் இங்கே வரிசையாக இருக்கின்றன. ஒருநாள் முகாமும் பேனரும் தவிர்த்து, ஒவ்வொரு பள்ளிக்கும் நிலையான உயரமானி, டிஜிட்டல் எடைக்கருவி, நீளாத நாடா, திரை ஆகியவற்றை அவை தரட்டும். அதைவிட முக்கியமாக, தங்கள் தர ஆய்வகப் பணியாளர்களை ஆண்டுக்கு இரண்டு முறை படிக்கற்களோடு பள்ளிக்கு அனுப்பி, கருவிகளைச் சோதித்துத் தேதி ஒட்டச் சொல்லட்டும்.

அங்கன்வாடியின் போஷன் டிராக்கர் பதிவும் பள்ளியின் எமிஸ் பதிவும் இணைந்தால் ஆறு வயதில் பிள்ளையின் வரலாறு அறுந்துபோகாது. வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு இந்தி, ஒடியா, வங்க மொழிகளில் அச்சிட்ட வளர்ச்சி அட்டையைப் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். விடுதிகளில் தங்கும் 18, 19 வயதுத் தொழிலாளர்களுக்கு உயரம், எடை, நாடா அளவு, ஹீமோகுளோபின் பரிசோதனை நடக்கட்டும். அந்த விவரம் சுகாதாரத் துறை மருத்துவரைத் தாண்டி ஹெச்.ஆர். மேசைக்கோ ஒப்பந்ததாரருக்கோ போகக் கூடாது. உடற்கல்வி பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் வழக்கத்தை முதன்மைக் கல்வி அலுவலர் எழுத்துமூலம் தடுக்க வேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி, சில நூறு பிள்ளைகளிடம் பெற்றோர் இசைவோடு ஆய்வக முறையையும் நாடாவையும் ஒப்பிட்டு, தமிழ்ப் பிள்ளைகளுக்கு எந்த வரம்பு பொருந்தும் என்று சொல்லலாம்.

முதல் ஆண்டின் அறிக்கையில் எத்தனை பிள்ளைகள் பருமன், எத்தனை பேர் மெலிவு என்ற எண் முதலில் வரக் கூடாது. பத்தில் ஒரு பிள்ளையை வேறொருவர் மறுபடி அளந்தபோது உயரமும் வயிற்றுச் சுற்றளவும் ஒரு சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனது எத்தனை பள்ளிகளில் என்பதை மாவட்ட ஆட்சியர் முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும். ஒத்துப்போகாத பள்ளிகளில் அந்த மாதமே பயிற்சி கொடுத்து, திரும்ப அளக்க வேண்டும்.